டிடெக்டர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கும் பெண்ணின் அப்பா எழுதியிருக்கிறார். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்ய மகளுக்கு இடம் கிடைக்கும்போல் இருக்கிறதாம். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் சி.எம்.எஸ். என்ற துகள் டிடெக்டரைப் புதுப்பிக்கும் வேலை அது. "கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடவா இன்ஜினியரிங் சேர்த்தோம்? கேம்பஸ் வேலை போய்விடாதா? இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? கதிர்வீச்சு ஆபத்து வேறு இருக்குமே" என்று கேட்கிறார்.

ஐயா, கதிர்வீச்சு பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். மகள் கைவைக்கப் போவது இந்தியாவில் ஒரு சுத்த அறையில், இன்னும் எங்கும் பொருத்தப்படாத புதுப் பாகங்கள் மீது, அல்லது ஒரு கம்ப்யூட்டர் முன்னால். ஜெனீவா அருகே நிலத்துக்கு 100 மீட்டர் அடியில் இறங்குகிறவர்கள்கூட, இயந்திரம் நின்றிருக்கும்போது, கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் மாட்டிக்கொண்டுதான் டிடெக்டர் பக்கம் போவார்கள். புராஜெக்ட் மாணவிக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் வராது. வந்தால் சந்தோஷப்படுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். சி.எம்.எஸ். என்பது 21 மீட்டர் நீளம், 15 மீட்டர் விட்டம், 14,000 டன் எடை கொண்ட கருவி. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எதிரெதிராக ஓடும் புரோட்டான் கற்றைகள் இதன் நடுவில் மோதுகின்றன. 2012-ல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்த இரண்டு டிடெக்டர்களில் இது ஒன்று. புரோட்டான்களை ஓட்டும் அந்த வளையத்தை, அதாவது முடுக்கியையே இப்போது மேம்படுத்துகிறார்கள். 2026-ன் நடுவில் நீண்ட நிறுத்தம் தொடங்கி, 2030-ல் மறுபடி ஓட வேண்டும் என்பது திட்டம். அதன்பின் சேரும் தரவு, முதலில் திட்டமிட்டதைப்போல் பத்து மடங்கு.

பத்து மடங்கு வேண்டுமென்றால் பழைய டிடெக்டர் தாங்காது. 25 நானோ விநாடிக்கு ஒருமுறை கற்றைகள் ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொரு கடப்பிலும் இப்போது சுமார் 60 மோதல்கள் நடக்கின்றன என்றால், மேம்பாட்டுக்குப் பிறகு அது 140 முதல் 200 வரை போகும். ஏற்கெனவே இத்தனை வருடக் கதிர்வீச்சில் இரு முனைகளிலும் உள்ள படிகங்கள் மங்கிக்கொண்டு வருகின்றன. அதனால் துகள்களின் ஆற்றலை அளக்கும் முனைப்பகுதிகளை அப்படியே கழற்றிவிட்டு, சிலிக்கான் அடுக்குகளால் புதிதாகக் கட்டுகிறார்கள். 600 சதுர மீட்டருக்கு மேல் சிலிக்கான், தனித்தனியாக அளவு சொல்லும் சுமார் 60 லட்சம் சேனல்கள், எல்லாம் மைனஸ் 35 டிகிரியில் ஓட வேண்டும். அந்தக் குளிருக்குத் திரவக் கார்பன் டை ஆக்சைடு. அதுவே மெக்கானிக்கல் படித்தவர்களுக்குத் தனி உலகம், இப்போது அதற்குள் போகவில்லை.

இதில் ஒரே ஒரு துண்டை மட்டும் பார்ப்போம். அறுகோண வடிவில், இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு மாட்யூல். அடியில் ஒரு தகடு, அதன்மேல் 8 அங்குல வேஃபரிலிருந்து (வட்டமான சிலிக்கான் வில்லை) வெட்டிய சிலிக்கான் சென்சார், அதற்கும் மேல் சிப்புகள் பொருத்திய சர்க்யூட் போர்டு. மூன்றையும் பசை போட்டு ஒட்டுவார்கள். பசை கொஞ்சம் கூடினால் வெளியே வழியும், குறைந்தால் குளிரில் விட்டுக்கொள்ளும். பிறகு போர்டில் விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளால் சென்சாரையும் போர்டையும் இணைக்க வேண்டும். இதற்கு வயர் பாண்டிங் என்று பெயர். அப்புறம் மின்னழுத்தம் கொடுத்து, கசியும் மின்னோட்டத்தை அளந்து, எந்தச் சேனல் செத்தது, எது இரைச்சல் போடுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைக்க வேண்டும். ஏறக்குறைய 27,000 மாட்யூல்கள் இப்படித் தேவை. உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான் இவற்றைச் செய்கிறார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதில் ஒன்று.

ஐயா, இதில் துகள் எங்கே வந்தது? இது முழுக்க உங்கள் மகள் படிக்கும் பாடம். குஜராத்தின் சானந்திலும் அசாமிலும் வந்துகொண்டிருக்கும் சிப் பேக்கேஜிங் ஆலைகளின் அடிப்படை வேலையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வயர் பாண்டிங் மெஷினைக் கல்லூரி லேபில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள்.

பிரயோஜனம் என்ன என்று கேட்டீர்கள். துகள் இயற்பியல்தான் புற்றுநோய் ஸ்கேனைக் கொடுத்தது என்று மேடையில் பேசுவார்கள். அதை நான் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு. சி.எம்.எஸ்-ல் புதிதாக ஒரு நேரம் அளக்கும் அடுக்கு வருகிறது. திருவிழாக் கூட்டத்தை ஒரே போட்டோவாக எடுத்துவிட்டு, யார் எந்த வாசல் வழியாக வந்தார் என்று கேட்டால் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் நுழைந்த நேரம் தெரிந்தால் சொல்லிவிடலாம். 200 மோதல்களைப் பிரிக்க அந்த அடுக்கு அதைத்தான் செய்யும், 30 முதல் 60 பிக்கோ விநாடித் துல்லியத்தில் (ஒரு பிக்கோ விநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அதன் நடுப்பகுதியில் இருப்பவை துகள் பட்டால் ஒளிரும் எல்.ஒய்.எஸ்.ஓ. என்ற படிகத்தில் செய்த சுமார் 1,66,000 கம்பிகள். இந்தப் படிகத்தைப் பெரிய அளவில் தயாரிக்க வைத்தது இயற்பியல் அல்ல, மருத்துவமனைகளில் புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேன் கருவி. துகள்காரர்கள் அதைக் கடன் வாங்கினார்கள்.

ஆனால் வாங்கியதைச் சும்மா வைத்திருக்கவில்லை. பெட் ஸ்கேனில் உடலுக்குள்ளிருந்து இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். இரண்டும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை 200 பிக்கோ விநாடித் துல்லியத்தில் அளந்தால், அவை கிளம்பிய இடத்தை 3 சென்டிமீட்டருக்குள் சொல்லலாம். துல்லியம் கூடக் கூட, நோயாளிக்குக் குறைந்த மருந்தும் குறைந்த நேரமும் போதும். படிகம், அதன் நுனியில் ஒளியைப் பிடிக்கும் சிலிக்கான் சென்சார், அதை வாசிக்கும் சிப் என்று மூன்றையும் வேகப்படுத்தத் துகள்காரர்கள் படும் பாடு அந்தப் பக்கமும் உதவும். எதிர்த் திசையில் போனதற்கும் உதாரணம் இருக்கிறது. துகளின் தடத்தைப் பிடிக்கச் செய்த பிக்சல் சிப்பிலிருந்து செர்னில் மெடிபிக்ஸ் சிப் பிறந்தது. 2018-ல் நியூசிலாந்துக் குழு ஒன்று அதை வைத்து மனித உடலின் முப்பரிமாண வண்ண எக்ஸ்ரே எடுத்தது. அதே குடும்பத்து டைம்பிக்ஸ் சிப்புகள், சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மீது விழும் கதிர்வீச்சை அளக்கின்றன.

மகளுக்குக் கையால் செய்யும் வேலை பிடிக்கவில்லை, கோடிங்தான் பிடிக்கும் என்றாலும் இடம் உண்டு. விநாடிக்கு 4 கோடி முறை நடப்பதை எல்லாம் சேமிக்க முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று முதல் கட்டத்தில் எஃப்.பி.ஜி.ஏ. சிப்புகள் (உள் இணைப்புகளை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்புகள்) முடிவெடுக்கின்றன. மேம்பாட்டுக்குப் பிறகு அதற்குக் கிடைக்கும் அவகாசம் 12.5 மைக்ரோ விநாடி. அதற்குள் சின்னதாக ஒரு நியூரல் நெட்வொர்க்கையே ஓட்டிப் பார்க்கிறார்கள். பெங்களூரு சிப் கம்பெனி நேர்காணலில் இதைச் செய்தேன் என்று சொல்லும் பெண்ணிடம், அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

சரி, கேம்பஸ். பெரும்பாலான கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் ஏழாம் செமஸ்டரிலேயே முடிந்துவிடும், புராஜெக்ட் எட்டாவதில். இரண்டும் மோத வேண்டிய அவசியமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை கொடுக்கும் சில கம்பெனிகள் எட்டாம் செமஸ்டரில் எங்களிடமே இன்டர்ன்ஷிப் வா என்கின்றன. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் எச்.ஆரிடம் அப்போதே பேச வேண்டும். துறைத் தலைவரிடம் தடையில்லாச் சான்றையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், பல பிள்ளைகள் அந்தத் தாளுக்காகத்தான் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. புராஜெக்ட்டோடு நிற்காமல் பி.எச்.டி. என்று மகள் கிளம்பினால் அது ஐந்தாறு வருடப் பாதை. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, ஆனால் கூடப் படித்தவள் அதற்குள் கார் வாங்கியிருப்பாள். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, பலர் கடைசியில் தொழில்துறைக்குத்தான் வருகிறார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பது என் கணிப்பு. பி.இ. முடித்தவர்களையும் ஜெஸ்ட், கேட் போன்ற தேர்வுகள் வழியாகச் சில நிறுவனங்கள் எடுக்கின்றன. தகுதி இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழுவும் சி.எம்.எஸ்-ல் இருக்கிறது, ஆகவே வீட்டிலிருந்து ரொம்ப தூரம் என்ற கவலையும் கட்டாயமில்லை. 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு என்பதால், குறிப்பிட்ட காலத்துக்கான செர்ன் பணிகளுக்கும் இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. டிடெக்டர் கட்டும் காலத்தில் சேர்வதும் ஓடும் காலத்தில் சேர்வதும் ஒன்றல்ல. கட்டும்போது சேர்ந்தால் ஸ்க்ரூ டிரைவரிலிருந்து சிப் வரை கைக்கு வரும். ஓடத் தொடங்கிய பிறகு சேர்ந்தால் முக்கால்வாசி தரவு அலசல்தான். அதுவும் நல்ல படிப்பு, ஆனால் உங்கள் மகளின் பட்டத்துக்கு முதலாவதுதான் பொருத்தம். இந்த அளவு பெரிய கட்டுமானம் இருபது வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

ஆகவே சரி சொல்லும் முன், அந்தப் பேராசிரியரிடம் மகள் கேட்க வேண்டியதைச் சொல்லி அனுப்புங்கள். ஆறு மாதத்தில் நான் தனியாகச் செய்து முடிக்கும் பகுதி எது? மாட்யூலைத் தொடுவேனா, அல்லது மற்றவர்கள் எடுத்த அளவீட்டை எக்செலில் நிரப்புவேனா? நான் எழுதும் கோடை வெளியில் காட்ட அனுமதி உண்டா? தினமும் யார் என்னோடு உட்காருவார்? கடைசிக் கேள்விக்கு ஒரு ஆராய்ச்சி மாணவரின் பெயர் பதிலாக வந்தால் போகட்டும். "வந்து பார்த்துக்கலாம்" என்று வந்தால், எட்டாம் செமஸ்டரில் கம்பெனி இன்டர்ன்ஷிப்பே மேல்.