ஒரு நாளில் மால்மோ: தாராளமாகப் போய்வரலாம்

டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து மனைவியோடு ஒரே நாளில் சுவீடனின் மால்மோ நகருக்குப் போய்வர முடியுமா, தனி விசா வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். டென்மார்க், சுவீடன் இரண்டுமே ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள். இருக்கிற ஷெங்கன் விசா போதும். ஆனால் இருவரும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். சுவீடன் பக்கம் ஹில்லி ரயில் நிலையத்தில் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு.

ரயிலில் சுமார் 40 நிமிடம்தான். கோபன்ஹேகன் கார்டு (சுற்றுலாப் பயணிகளுக்கான நகர பாஸ்) அங்கே செல்லாது, டிக்கெட் தனியாக எடுக்கணும். முதலில் கடலடிச் சுரங்கம், பிறகு பெபர்ஹோல்ம் செயற்கைத் தீவு, அப்புறம் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் பாலம். ரயில் கீழ்த்தட்டில் ஓடுவதால் எஃகுச் சட்டங்களுக்கு நடுவேதான் கடல் தெரியும் (கொஞ்சம் ஏமாற்றம்தான்). பாலத்தை முழுசாகப் பார்க்க மால்மோவின் வேஸ்ட்ரா ஹாம்னன் பகுதிக் கடற்கரைக்குப் போங்கள். அங்கேயே 190 மீட்டர் உயர டர்னிங் டார்சோ கட்டடம், யாரோ பிடித்து முறுக்கிவிட்ட மாதிரி நிற்கும். மதியச் சாப்பாட்டுக்கு லில்லா டோரி சதுக்கம். காசு மாற்ற வேண்டாம், எங்கும் வங்கி கார்டுதான்.