இன்னுமா அழுகிறாய்?

கேள்வி: ஓசூரில் வேலை பார்த்துவந்த என் ஒரே மகன் சாலை விபத்தில் இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இரவில் களி கிண்டி உருண்டை பிடிக்கும்போது கை தன்னால் மூன்று உருண்டை பிடித்துவிடுகிறது. பிறகு நினைவு வந்து மூன்றாவதைச் சட்டியிலேயே போட்டு அழுத்திவிட்டு அழுகிறேன். சபையிலிருந்து வருகிறவர்கள், “இன்னுமா அழுகிறாய்? உன் விசுவாசம் எங்கே?” என்கிறார்கள். கர்த்தர்மேல் நம்பிக்கை உள்ளவள் அழக்கூடாதா? அவனை ஏன் எடுத்துக்கொண்டார் என்று கேட்பது பாவமா?
– வாசகி ஒருவர், பாலக்கோடு

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்பது பாவமன்று. வேதத்தில், பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டு அதிகாரம் அதிகாரமாக ‘ஏன்’ என்று கேட்டவர் யோபு. அதற்குக் காரணம் கண்டுபிடித்து விளக்கியவர்கள் அவருடைய சிநேகிதர்கள். முடிவில் கர்த்தர் கோபங்கொண்டது விளக்கியவர்கள்மேல்தான்; தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியவர் என்று அவர் ஒப்புக்கொண்டது கேட்டவரைத்தான். உங்கள் மகன் ஏன் போனான் என்பதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நீங்கள் நம்ப வேண்டியதும் இல்லை.

என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தில் இருக்கும் வேறொரு சொல். அது நீங்கள் சொன்னதன்று, உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னது: ‘இன்னும்’. “இன்னும் சாப்பிடவில்லையா?” என்று தாய் கேட்டால் அது அக்கறை. “இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்” என்றால் அது அன்பு. விளக்கு வைத்த பிறகு வாசலில் நின்று, “இன்னும் காணோமே” என்று ஒருத்தி சொன்னால் அது கவலை. கடன் கொடுத்தவன் அதே வாசலில் வந்து நின்று, “இன்னும் தரவில்லையே” என்றால் அது நெருக்கடி. உங்களிடம் வந்தவர்கள் கடன்காரனின் ‘இன்னும்’ என்பதைத்தான் கேட்டிருக்கிறார்கள். துக்கத்துக்கு யாரோ ஒரு தவணை குறித்திருப்பதைப்போலவும், ஏழு மாதத்தில் நீங்கள் அதைக் கட்டித் தீர்க்கத் தவறிவிட்டதைப்போலவும் அந்தக் கேள்வி இருக்கிறது.

இதே கேள்வி சங்கீதக்காரனின் காதிலும் விழுந்திருக்கிறது. 42-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். “உன் தேவன் எங்கே?” என்று நாள்தோறும் அவனிடம் கேட்கிறார்கள், இரவும் பகலும் கண்ணீரே தனக்கு உணவாயிற்று என்று அவன் சொல்கிறான். ‘உன் தேவன் எங்கே’ என்பதற்கும் ‘உன் விசுவாசம் எங்கே’ என்பதற்கும் என்னால் பெரிய வித்தியாசம் காண முடியவில்லை. முன்னது சத்துரு கேட்டது, பின்னது சபையார் கேட்டது என்பதைத் தவிர. அந்தச் சங்கீதக்காரன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வந்து பாடவில்லை. கலங்குகிற தன் ஆத்துமாவைப் பார்த்து, “தேவனை நோக்கிக் காத்திரு, நான் இன்னும் அவரைத் துதிப்பேன்” என்கிறான். அடுத்த வரியிலேயே மறுபடியும் கலங்குகிறான், மறுபடியும் அதையே சொல்லிக்கொள்கிறான். 43-ஆம் சங்கீதத்தையும் சேர்த்தால் மூன்று முறை சொல்கிறான். ஒரு முறை சொன்னதும் துக்கம் தீர்ந்துபோயிருந்தால் மூன்று முறை சொல்ல வேண்டிய தேவை என்ன? உங்களைக் குத்திய அந்த ‘இன்னும்’ வேதத்தில் இருக்கும் இடம் இது. அழுகிறவனே தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல்லாக அது அங்கே இருக்கிறது. அதைப் பிடுங்கி அழுகிறவர்மேல் வீசுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை.

அழக்கூடாது என்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் வசனம் ஒன்று உண்டு. நித்திரையடைந்தவர்களுக்காக, நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அந்த வாக்கியத்தில் ‘போல’ என்று ஒரு சொல் இருப்பதை இவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தால் பவுலுக்கு அதை எழுதத் தெரியாதா? மரணத்தோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறவனின் அழுகை வேறு, மறுபடி காண்பேன் என்று காத்திருக்கிறவளின் அழுகை வேறு. ஆனால் இரண்டுமே அழுகைதான், இரண்டிலும் வருவது கண்ணீர்தான். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பத்தான் போகிறோம் என்று தெரிந்தே பெத்தானியாவுக்கு வந்த இயேசுவும் அங்கே கண்ணீர் விட்டாரே, அவருக்கு எந்த நம்பிக்கை குறைந்திருந்தது?

இயேசுவே ஒரு தாயிடம் “அழாதே” என்று சொன்ன இடமும் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஆம், நாயீன் ஊர் வாசலில் சொன்னார். அவளும் உங்களைப்போல ஒரே மகனைப் பறிகொடுத்தவள், போதாததற்கு விதவை. ஆனால் லூக்கா அந்த நிகழ்ச்சியை எழுதியிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். அவர் அவளைப் பார்த்தார், மனதுருகினார், அழாதே என்றார். உடனே பாடையைத் தொட்டார், வாலிபனை எழுப்பி அவன் தாயிடம் ஒப்புவித்தார். அழாதே என்று சொன்ன வாய்க்குப் பின்னால் மகனைத் திருப்பிக் கொடுக்கும் கை இருந்தது. அந்தக் கை இல்லாத நாம் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு துக்க வீடுகளுக்குப் போகிறோம்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய ஆறாத கோபம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, கிறிஸ்தவ வீடுகளில் ஒப்பாரியை விலக்கியது தவறு என்று இதே பக்கத்தில் எழுதியதற்காகச் சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு. இன்றும் அதையேதான் சொல்கிறேன். என் தகப்பனாரின் அடக்கத்தன்று பெட்டியை மூடும் நேரத்தில் என் அத்தை குரலெடுத்தார். “அண்ணா, எனக்கு இனி யார் தலைவாசல்” என்று ஒரு வரிதான் வந்தது. அதற்குள் ஒருவர், “புறஜாதியார்போல அழாதே” என்று அதட்டினார். அத்தை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பும்வரை அது வாயிலேயே இருந்தது. எடுத்தபோது துணியில் பல் பதிந்த தடம் இருந்தது. தமிழில் அடக்கம் என்பதற்குப் புதைப்பது என்றும் பொருள் உண்டு, அடக்கிக்கொள்வது என்றும் பொருள் உண்டு. அன்றைக்கு நாங்கள் இரண்டையும் செய்தோம். அண்ணனைப் புதைத்தோம், தங்கையின் குரலையும் கூடவே புதைத்தோம்.

அதுவும் எந்த மண்ணில்? தருமபுரி பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் அழுத பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. 232-ஆம் பாட்டில், காலையும் மாலையும் இனி இல்லாமற் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமற் போகட்டும் என்கிறார். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றுவதை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார். வாங்கமாட்டான் என்று தெரியும். இருந்தும் அவன் பேரால் ஊற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்மா, உங்கள் கை பிடிக்கும் மூன்றாவது உருண்டையைப் பற்றி வாசித்தபோது எனக்கு இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. நம் மாவட்டத்தில் காடுகரையெல்லாம் நடுகற்கள் நிற்கின்றன. இறந்தவனைக் கல்லில் நிறுத்தி நினைவுகூர்ந்த ஊர்கள் இவை. இதுவெல்லாம் புறஜாதி வழக்கம் என்பவர்கள் ஆதியாகமம் 35-ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும்: எப்பிராத்தா வழியில் ராகேலைப் புதைத்த யாக்கோபு, அவள் கல்லறையின்மேல் ஒரு தூணை நிறுத்தினார். முற்பிதாக்களில் ஒருவரும் கல் நட்டிருக்கிறார்.

இனி உங்கள் முதல் கேள்வியில் இருக்கும் ‘நம்பிக்கை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வேதாகமத்தின் நம் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று இருக்கின்றன. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றாயின. ‘எதிர்நோக்கு’ என்ற சொல்லை நம் சபைகளில் பலர் இன்றுவரை ஏற்கவில்லை, கத்தோலிக்கர் சொல் என்று ஒதுக்குகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் உள்ள கத்தோலிக்கர்கள், எதிர்நோக்கை மையமாக வைத்து அவர்கள் திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டு முழுவதும் கோவில்களில் அந்தச் சொல்லைச் சொல்லி ஜெபித்தார்கள். அதைக் கேட்டபோதெல்லாம் நாம் இழந்தது என்ன என்று எனக்குத் தோன்றியது. நம்பிக்கை என்றதும் நம் ஜனங்கள் தைரியம் என்றும், கலங்காத முகம் என்றும், தன்னம்பிக்கை என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்நோக்கு என்ற சொல்லுக்குள் இன்னும் வராத ஒன்று இருக்கிறது, அது வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆளும் இருக்கிறார். காண்கிறதை ஒருவன் நம்ப வேண்டுவதென்ன, காணாததற்காகவே பொறுமையோடு காத்திருக்கிறோம் என்று ரோமர் 8-இல் பவுல் சொல்வதும் இதைத்தான். மானாவாரிக் கேழ்வரகு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஊர்க் குடியானவர்களிடம் போய், மழைமேல் நம்பிக்கை இருந்தால் ஏன் முகம் வாடியிருக்கிறாய் என்று யாராவது கேட்பார்களா? வாடிய முகத்தோடு நிற்பவர்தான் நிலத்தை விட்டுப் போகாமல் நிற்கிறார்.

ஆகவே அழுங்கள், அம்மா. ஜெபத்தில் வார்த்தை வராவிட்டால் அழுகையையே அவர் சமுகத்தில் வையுங்கள். அவர் இருக்கிறார், கேட்கிறார் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்திருந்தால் அவரை நோக்கி ஏன் என்று கேட்டிருக்கவே மாட்டீர்கள். நம்பிக்கை குறைந்தவர்கள் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அவரும் அதே சட்டியின் முன்தான் உட்கார்ந்திருக்கிறார். உருண்டையைச் சட்டியில் போட்டு அழுத்துவதற்கு முன்னால் ஒருமுறை அவரையும் பாருங்கள். மகன் பேரைச் சொல்லிப் பேசுங்கள்.

உங்கள் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். யோபுவின் சிநேகிதர்கள் வாய் திறக்கும்முன் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கு ஏழு நாள் முடியாது என்றால், ஞாயிறு அல்லாத ஒரு நாளில், வேதாகமத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து களி கிண்டும் வேளையில் உங்களில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போங்கள். அந்தத் தாய் மூன்றாவது உருண்டையைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது தட்டை நீட்டுங்கள்.