மொரீசியஸ் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மொரீசியஸ் என்றதும் நீலக் கடல், வெள்ளை மணல், தேனிலவு என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளிலும் பாதி கடற்கரை பற்றியவைதான். கடலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தங்குகிற நாட்களில் பாதியையாவது தீவின் உட்பகுதிக்கு ஒதுக்குங்கள் என்பது என் கட்சி. பதில்களிலும் அந்தச் சாய்வு தெரியும்.

கேள்வி: பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் போகலாமா? எந்தக் கரையில் அறை எடுப்பது?

தாராளமாகப் போகலாம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவம் நமக்கு நேர்மாறு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெக்கையும் மழையும் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயமும் உண்டு. மே மாதத்தில் சூடு தணிந்து, மழையும் குறையத் தொடங்கியிருக்கும்.

கரை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை வலுத்துவிடும். அந்த நாட்களில் கிழக்குக் கரையின் பெல் மாரில் துண்டை விரித்துப் படுத்தால் மணல் முகத்தில் அடிக்கும். அதே நேரத்தில் மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் கடல் சாதுவாகக் கிடக்கும். நடுவிலிருக்கும் மலைகள் காற்றை மறித்துவிடுகின்றன. டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு அந்தக் கிழக்குக் காற்றே வரம். மே மாதத்துக்கு மேற்கு அல்லது வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டு நிலத்திலிருக்கும் க்யூர்பிப் ஊரில் எந்த மாதமும் தூறும், அதனால் பையில் குடையும் மெல்லிய ஸ்வெட்டரும் இருக்கட்டும்.

இன்னொன்று: தீவைச் சுற்றிப் பவளப்பாறை அரணாக நிற்பதால்தான் பெரும்பாலான கரைகளில் அலை இல்லை. தெற்கே கிரிஸ் கிரிஸ் என்ற இடத்தில் அந்த அரண் அறுந்திருக்கிறது. அங்கே பாறை மீது நின்று அலையைப் பாருங்கள், இறங்காதீர்கள்.

கேள்வி: கடலுக்கடியில் அருவி விழும் படத்தைப் பார்த்தோம். படகில் கூட்டிப்போவார்களா?

படகில் போனால் வெறும் தண்ணீர்தான் தெரியும். தென்மேற்கு மூலையில், லெ மோர்ன் மலைக்கு எதிரே, ஆழமில்லாத கடல்தளம் முடிந்து சட்டென்று ஆழம் தொடங்குகிறது. அந்த விளிம்பில் மணலும் வண்டலும் நீரோட்டத்தோடு சரிந்து இறங்குகின்றன. வெளிர்நீலத்திலிருந்து கருநீலத்துக்கு மாறும் நிறமும் சேர்ந்துகொள்ள, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அருவி போலத் தோன்றுகிறது. ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ ஏறினால்தான் அந்தக் காட்சி கிடைக்கும். செலவு அதிகம். கையில் காசு இருந்தால் சரி, இல்லாவிட்டால் வருத்தப்பட வேண்டியதில்லை.

கேள்வி: லெ மோர்ன் மலையில் பதினான்கு வயதுப் பையனோடு ஏற முடியுமா?

முதல் பாதி அகலமான பாதை, யாரும் நடக்கலாம். அதற்குப் பிறகு கையையும் ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம். உயரத்துக்குப் பயப்படாத பையனென்றால் வழிகாட்டியோடு விடிகாலையில் கிளம்புங்கள். மலை 556 மீட்டர். உச்சிவரை போக முடியாது, சற்றுக் கீழே சிலுவை நட்டிருக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏறுவதற்கு முன் பையனுக்கு இந்த மலையின் கதையைச் சொல்லிவிடுங்கள். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் இது. 1835-இல் அடிமை முறை ஒழிந்ததை அறிவிக்கக் காவலர்கள் மலையேறி வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துச் சிலர் பாறையிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று வாய்வழிக் கதை உண்டு. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 1 அங்கே அரசு விடுமுறை.

கேள்வி: என் பாட்டனாரின் அண்ணன் கூலியாக மொரீசியஸ் போனாராம். அவர் இறங்கிய இடத்தைப் பார்க்க முடியுமா, ஐயா?

முடியும். போர்ட் லூயி துறைமுகத்தருகே இருக்கும் ஆப்ரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 1834-இல் அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாலரை லட்சத்துக்கும் மேலான இந்தியர்கள் இங்கே கரையேறினார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் கப்பல்கள் வந்தன.

பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நெடுஞ்சாலை போட்டதில் கணிசமான பகுதி போய்விட்டது. மிஞ்சியவை சில சுவர்கள், கொட்டகை, மருத்துவமனைப் பகுதி, அப்புறம் அந்தப் பதினாறு கற்படிகள். படகிலிருந்து இறங்கியவர்கள் அவற்றில் ஏறித்தான் உள்ளே வந்தார்கள். அனுமதி இலவசம். வார நாளில் காலையில் போனால், வழிகாட்டி நின்று விளக்க நேரம் இருக்கும்.

ஆவணங்கள் மோகா என்ற ஊரில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. வந்த ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். பலருக்குப் புகைப்படமும் உண்டு. பெயர்கள் எழுதியவர் காதில் விழுந்தபடி பதிவானவை என்பதால், பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எந்தக் கிராமம் என்பதை ஊரில் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அங்கிருந்து காரில் போகும்போது கரும்புக் காடுகளின் நடுவே கருங்கல் குவியல்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்பதைப் பார்ப்பீர்கள். எரிமலைத் தீவு, நிலமெங்கும் கல். கரும்பு நடுவதற்காகத் தோட்டத் தொழிலாளிகள் கையால் பொறுக்கி அடுக்கியவை அவை. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லாத இந்தக் குவியல்களைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: வயதான அம்மா வருகிறார். கோயில்களில் எதை விடக் கூடாது?

கங்கா தலாவ். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல், எரிமலை வாயில் அமைந்த ஏரி. கரையில் 33 மீட்டர் உயரச் சிவன் நிற்கிறார். கார் பக்கத்திலேயே போகும், படி ஏறத் தேவையில்லை. மகா சிவராத்திரி சமயத்தில் தீவே காவடியோடு நடந்து வரும், சாலைகள் அடைபடும். அம்மாவோடு அந்த வாரம் வேண்டாம்.

போர்ட் லூயியில் கைலாசம் கோயில் என்று கேட்டால் காட்டுவார்கள். சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் அது, கோபுரத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு மதுரை நினைவு வரும். தைப்பூசம் அங்கே நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. அம்மாவிடம் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பாருங்கள், அதில் தமிழ் எழுத்தும் இருக்கும்.

கேள்வி: ஷமாரெல் ஏழு நிற மண் பார்க்கத் தகுந்ததா?

படங்களில் தெரிவதைவிடச் சிறிய இடம், வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். எரிமலைப் பாறை மக்கிக் களிமண்ணாகி, இரும்பும் அலுமினியமும் நிறம் கொடுத்திருக்கின்றன. அரை மணி நேரம் போதும். பக்கத்திலிருக்கும் அருவிக்காகவே போகலாம்.

கேள்வி: மகள் பறவைப் பைத்தியம். டோடோவைத் தவிர என்ன இருக்கிறது?

டோடோ பதினேழாம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. அதே கதிக்குப் போக இருந்து தப்பிய பறவைகளைக் காட்டுங்கள். மொரீசியஸ் வல்லூறு 1974-இல் காட்டில் நான்கே நான்குதான் தெரிந்தன. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் பத்துக்கு இறங்கியது. பிடித்து வளர்த்துப் பெருக்கி மீண்டும் காட்டில் விட்டார்கள். இன்று புறாக்கள் சில நூறு இருக்கின்றன.

பார்க்க நல்ல இடம் தென்கிழக்கில், மாஹேபூர் அருகே, எக்ரெட் தீவு. வெறும் 26 ஹெக்டேர். சிறு படகில் வழிகாட்டியோடுதான் போக முடியும். கருங்காலி மரங்களுக்கிடையே பெரிய ஆமைகள் நடமாடும். மொரீசியஸின் சொந்த ஆமைகள் அழிந்துவிட்டன. இவை சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவிலிருந்து வந்த இனம். பழத்தைத் தின்று விதையைப் பரப்ப ஆளில்லாமல் நின்ற கருங்காலிக்கு இவைதான் இப்போது துணை. டால்பின் படகுக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுங்கள். நாலைந்து படகுகள் ஒரே டால்பின் கூட்டத்தை விரட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? பஸ்ஸில் சுற்றலாமா?

தெருவிலேயே கிடைக்கும். தால் பூரி என்று கேளுங்கள். பருப்புப் பொடி உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி, இரண்டாகத்தான் தருவார்கள். விற்பவர் டபுள் பீன்ஸ் குழம்பு, தக்காளிச் சட்னி, மிளகாய் மூன்றையும் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் மடிக்க ஐந்து நொடிகூட ஆகாது. காரம் வேண்டாமென்றால் அவர் கை மிளகாய்க்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள். கதோ பிமா என்பது நம்ம ஊர்ப் பருப்பு வடையின் குட்டி. அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். நூடுல்ஸ் வாங்கும்போது மட்டும் முட்டை, இறைச்சி இல்லாமல் என்று சொல்லுங்கள்.

பகலில் பஸ் போதும், மாலை மங்கியதும் குறைந்துவிடும். மெட்ரோ ரயில் போர்ட் லூயியிலிருந்து க்யூர்பிப் வரை ஓடுகிறது. தென்மேற்குக்கு மட்டும் கார் எடுங்கள். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.