காயினுக்கு முகம் குடுக்கலாமோ?

கேள்வி: அக்கா, நான் இரணைமடு வயல், மாடு, சந்தை எண்டு யூடியூப்ல வீடியோ போடுறன். ஒரு கிரிப்டோ ப்ராஜெக்ட்காரர் தங்கட அம்பாசடரா வரச்சொல்லிக் கேக்கினம், சம்பளம் அவையின்ர டோக்கனிலயே, அதாவது அவையே வெளியிடுற டிஜிட்டல் காயினிலயே தருவினமாம். ஓம் எண்டு சொல்லட்டோ?
— ஒரு தம்பி, கிளிநொச்சி

பதில்: வேண்டாம் தம்பி. சம்பளத்தை டோக்கனில தாறதுதான் எனக்குப் பயமா இருக்கு, ஏனெண்டா உங்கட வீடியோவைப் பாத்து சனம் வாங்கினாத்தான் அதுக்கு விலை ஏறும், ஏறினோடன கையில கூட வச்சிருக்கிறவை வித்துப்போட்டுப் போயிடுவினம், பிறகு சனம் தேடிவாறது உங்களைத்தான். 2024 டிசம்பர்ல அமெரிக்காவில ஹேலி வெல்ச் எண்ட பிள்ளை விளம்பரப்படுத்தின 'ஹாக்' காயின் சில மணித்தியாலத்துக்குள்ள 90 வீதத்துக்கு மேல விழுந்தது. அமெரிக்க ரிவி பிரபலம் கிம் கர்தாஷியன் 250,000 டொலர் வாங்கினதைச் சொல்லாம எத்தீரியம்மாக்ஸ் எண்ட கிரிப்டோ காயினைப் பற்றி போஸ்ட் போட்டு, 2022ல 1.26 மில்லியன் டொலர் கட்டவேண்டி வந்தது. அவவுக்கு அது பெரிய காசில்லை. உங்களைப் பாக்கிறவை ஆர்? நெல்லு வித்த காசை வச்சிருக்கிற ஐயா, நுண்கடன் கட்டுற அக்கா, வெளிநாட்டில இருந்து மகன் அனுப்பினதை அப்பிடியே பொத்தி வச்சிருக்கிற அம்மா. போரில எல்லாத்தையும் விட்டிட்டு வந்து திரும்பச் சேத்த காசு தம்பி அது. கிரிப்டோவில இருக்கிற ஆபத்தைப் பற்றி எங்கட மத்திய வங்கியும் 2022ல எச்சரிச்சது.

ஏற்கனவே ஏதும் வீடியோ போட்டிருந்தா இண்டைக்கே எடுத்துப்போட்டு, என்ன வாங்கினனீங்கள் எண்டதை உங்கட சனத்துக்கு நேரா சொல்லுங்கோ.