டம்ளர் விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் தரையில் ஓடும் வண்டு, எறும்புகளைக் கணக்கெடுக்க பிளாஸ்டிக் டம்ளர்களைப் புதைத்தேன். ஒன்றுமே விழவில்லை, ஏன்?
– விலங்கியல் மாணவி, பொள்ளாச்சி

பதில்: முதலில் விளிம்பைப் பாருங்கம்மா. பெரும்பாலும் கோளாறு அங்கேதான். விளிம்பு மண்ணைவிட ஒரு நூல் உயர்ந்திருந்தாலும் எறும்பு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடும். சுற்றிலும் விரலால் மண்ணை அழுத்தி, விளிம்பே தெரியாதபடி மட்டமாக்குங்கள். டம்ளருக்குள் டம்ளராக வைத்தால், உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கலாம், குழி சரியாது.

அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்புக் கரைசல், அதில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பூச்சி மிதக்காமல் மூழ்கும். வண்டிக்கு ஊற்றும் கூலன்ட் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நக்கிய நாய் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மழைக்கு ஓட்டுத்துண்டு ஒன்றைக் கற்களின் மேல் தூக்கி வையுங்கள்.

இன்னொன்று முக்கியம். அதிகம் ஓடும் பூச்சிதான் அதிகம் விழும். ஆகவே டம்ளர் எண்ணிக்கையைத் தோப்பின் மொத்தத் தொகை என்று எழுதிவிடாதீர்கள். புதிதாகத் தோண்டிய மண்ணும் பூச்சிகளை இழுக்கும். டம்ளரைச் சில நாள் மூடி வைத்துவிட்டுத் திறவுங்கள்.

விழுந்தவற்றை 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி, தேதியும் டம்ளர் எண்ணும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.