இடுப்பு மூட்டு மாற்று: ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நடக்கும் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: முதியவர்கள் எல்லாருக்கும் ஒரே மெடிகேர், அதாவது அரசுக் காப்பீடுதானே, பிறகு ஏன் ஊருக்கு ஊர் ஆபரேஷன் எண்ணிக்கை மாறுகிறது? சில ஊர்களில் வயதானவர்கள் அதிகமோ?

பதில்: வயதைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் போவதில்லை. டார்ட்மவுத் அட்லஸ் என்ற ஆய்வு நாட்டை 306 பகுதிகளாகப் பிரித்து மெடிகேர் கணக்கைப் பார்க்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருவது பகுதிக்குப் பகுதி அவ்வளவாக மாறுவதில்லை, ஏனென்றால் எலும்பு முறிந்தவரை யாரும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மூட்டுத் தேய்மானம் அப்படியில்லை. ‘ஆறு மாதம் பார்க்கலாம்’ என்பதும் நியாயமாக இருக்கலாம், ‘இப்போதே செய்துவிடலாம்’ என்பதும் நியாயமாக இருக்கலாம்; அந்த இடைவெளியில்தான் அந்த ஊர் சர்ஜன்களின் பழக்கம் புகுந்துகொள்கிறது. ஜான் வென்பெர்க் என்ற மருத்துவ ஆய்வாளர் 1973-லேயே வெர்மான்ட் மாநிலத்து டான்சில் ஆபரேஷன்களை வைத்து இதைக் காட்டிவிட்டார்.

கேள்வி: அப்படியென்றால் அதிகம் நடக்கும் ஊரில் தேவையில்லாமல் வெட்டுகிறார்களா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. குறைவாக நடப்பதும் தப்பாக இருக்கலாம். கறுப்பின முதியவர்களுக்கு இந்த ஆபரேஷன் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே நடக்கிறது, அவர்களுக்கு வலி குறைவு என்பதால் அல்ல. எனக்கு இது உறுத்துகிற விஷயம். இன்னொரு பக்கம், கனடாவின் ஒன்டாரியோவில் கடுமையான மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களையே கேட்டபோது, ‘நிச்சயம் செய்துகொள்கிறேன்’ என்றவர்கள் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று 2001-இல் ஒரு ஆய்வு வந்தது. எக்ஸ்ரே மட்டும் போதாது, அவரையும் கேட்க வேண்டும்.

கேள்வி: கேட்டால் ஏதாவது மாறுமா?

பதில்: மாறுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் குரூப் ஹெல்த் என்ற மருத்துவ சேவை அமைப்பு, ஆபரேஷனின் நல்லது கெட்டதை விளக்கும் வீடியோக்களை நோயாளிகளுக்குக் கொடுத்தது. அதன் பிறகு இடுப்பு மாற்று 26 சதவீதம் குறைந்தது.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி என்கிறார், டாக்டரோ இடுப்பு என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

பதில்: குழப்பம் வேண்டாம், இடுப்பு மூட்டின் வலி தொடை இடுக்கிலும் வரும், முழங்காலுக்கும் இறங்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரே சாக்ஸ் போடுகிறாரா, கால் நகம் வெட்ட முடிகிறதா, ராத்திரி வலியில் விழிக்கிறாரா என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். அப்புறம் டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை அம்மா கையிலேயே கொடுங்கள், அவரே பேசட்டும்.