ஒரே டேபிளில் தாய்-பிள்ளை அடுக்கு: எத்தனை மட்டம் என்று தெரியாதபோது குவெரி எப்படி எழுதுவது?

ஒவ்வொரு வரியிலும் தாயின் ஐடி (பேரன்ட் ஐடி) உள்ள ஒரு டேபிளை ஐந்து முறை செல்ஃப் ஜாயின் (டேபிளை அதனோடேயே இணைப்பது) செய்திருக்கிறீர்கள், ஆறாவது மட்டம் வந்ததும் விடை குறைகிறது, நெஸ்டட் செட்டுக்கு (ஒவ்வொரு வரிக்கும் இட எண், வல எண் கொடுத்து அடுக்கைக் குறிக்கும் முறை) மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாறாதீர்கள். நெஸ்டட் செட்டில் படிப்பது வேகம்தான். ஆனால் நடுவில் ஒரு பிள்ளையைச் செருகினால், அதற்கு வலப்பக்கம் உள்ள எண்களையெல்லாம் திருத்தி எழுத வேண்டும். தினமும் மாறும் தரவுக்கு அது கட்டுப்படியாகாது. பேரன்ட் ஐடி அப்படியே இருக்கட்டும். உங்களுக்குத் தேவை வித் ரிகர்சிவ், அதாவது தன் விடையையே மறுபடி எடுத்துச் சுற்றுச் சுற்றாக ஓடும் குவெரி. 1999 எஸ்கியூஎல் தரத்திலேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 2009-இல் வந்த 8.4 முதல், மைஎஸ்கியூஎல்லில் 2018-இல் வந்த 8.0 முதல் கிடைக்கிறது.

அதற்கு இரண்டு பாதி. முதல் பாதி தொடங்கும் வரியை எடுக்கும். இரண்டாம் பாதி, போன சுற்றில் கிடைத்த வரிகளை மட்டும் டேபிளோடு ஜாயின் செய்து அவற்றின் பிள்ளைகளைக் கொண்டுவரும். புது வரி எதுவும் வராத சுற்றில் தானாக நின்றுவிடும்.

இரண்டு பாதிக்கும் நடுவே யூனியன் போடுவதா, யூனியன் ஆல் போடுவதா? இதில் நான் பட்டிருக்கிறேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. கருவிக்குள் போர்டு, போர்டுக்குள் பாகம் என்று போகும் பிஓஎம்தான் (ஒரு பொருளுக்கு வேண்டிய பாகங்களின் பட்டியல்) எங்கள் அடுக்கு. ஒரே பாகம் பல போர்டுகளில் வரும் என்பதால் தாய், பிள்ளை, எத்தனை என்று தனி இணைப்பு டேபிள். ஒவ்வொரு மட்டத்திலும் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே இறங்க வேண்டும்.

500 கருவிக்கு லிஸ்ட் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஸ்டோர் அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, ஸ்குரூ பாதியிலயே முடிஞ்சிருச்சே. உன் லிஸ்ட்டப் பாத்துத்தானே எடுத்துக் குடுத்தேன்?"

கருவியில் ஒரு பவர் போர்டு, ஒரு டிஸ்பிளே போர்டு. இரண்டுக்கும் அதே ஸ்குரூ, நாலு நாலு. என் குவெரியில் பாக எண், மட்டம், எண்ணிக்கை மூன்றும்தான் இருந்தன. அதனால் இரண்டு ஸ்குரூ வரியும் அச்சு அசலாக ஒன்றுபோலவே வந்தன. நான் போட்டிருந்தது வெறும் யூனியன். ஒன்றுபோல் இருப்பதில் ஒன்றை அது தூக்கிவிட்டது. கருவிக்கு 8 வேண்டிய இடத்தில் 4. மொத்தத்தில் 4000-க்குப் பதில் 2000. எரர் எதுவும் வரவில்லை, லிஸ்ட் பார்க்கச் சரியாகவே இருந்தது. அந்த லைன் நின்றதை இன்றும் மறக்கவில்லை.

சுழற்சிக்குப் (ஒரு வரி சுற்றிச் சுற்றித் தனக்கே தாயாகிவிட்டால் குவெரி நிற்காமல் ஓடும்) பயந்துதான் யூனியன் போட்டேன். ஆனால் மட்டம் என்ற ஃபீல்டு சுற்றுக்குச் சுற்று கூடுவதால் எந்த வரியும் பழைய வரியைப் போல் இருக்காது. ஆகவே சுழற்சியையும் அது தடுக்காது! எதையும் தூக்காமல் எல்லா வரியையும் வைக்கும் யூனியன் ஆல் போடுங்கள். வந்த பாதையை ஒரு ஃபீல்டில் சேர்த்துக்கொண்டே போய், அதில் ஏற்கெனவே உள்ள ஐடி மறுபடி வந்தால் அந்தக் கிளையை அங்கேயே வெட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல் இதற்கென்றே சைக்கிள் என்ற கட்டளை இருக்கிறது. மைஎஸ்கியூஎல் தானாகவே 1000 சுற்றைத் தாண்டினால் எரர் கொடுத்து நிறுத்தும். அதை நம்பிப் பாதையை விட்டுவிடாதீர்கள்.

பேரன்ட் ஐடிக்கு இண்டெக்ஸ் (வரிகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஃபாரின் கீ (அந்தத் தாய் ஐடி டேபிளில் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு) வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் அதற்குத் தானாக இண்டெக்ஸ் போடாது. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி போட்டுவிடும்.

கீழிருந்து மேலே போக, ஜாயினில் தாயையும் பிள்ளையையும் இடம் மாற்றினால் போதும். ஒரு பாகத்தின் உற்பத்தி நிற்கப்போகிறது என்று தகவல் வந்தால், எந்தெந்தக் கருவியில் அது இருக்கிறது என்று நாங்கள் தேடுவது இப்படித்தான்.

உங்கள் டேபிளில் ஒரு பிள்ளைக்கு ஒரே தாய், ஐடியும் விடையில் வருகிறது. எனவே என் ஸ்குரூ கதை உங்களுக்கு நேராது. சுழற்சி நேரலாம், பாதை ஃபீல்டை மட்டும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.